செருப்புக் காவல்

திருவிழாவுக்குப் போகிற ஒவ்வொரு குடும்பத்திலும் செருப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர் உண்டு. யாரும் அவரை அந்தப் பதவிக்கு நியமிப்பதில்லை. ராட்டினத்துக்கு டிக்கெட் வாங்குகிற நேரத்தில் எல்லோருடைய கண்களும் தாமாகவே அவர் பக்கம் திரும்பும். அவரும், "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்று சொல்லிவிடுவார். பைகள், தண்ணீர்க் கூஜா, பாதி தின்ற பொரி உருண்டை, செருப்புகள் எல்லாம் அவர் கைக்கு மாறும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவியை ஏறக்குறைய நாற்பது வருஷ காலம் வகித்தவர் என் தாயார்.

எங்கள் ஊர் உத்தமபாளையம். கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாற்றின் தண்ணீரைக் குடித்து, நெல்லும் திராட்சையும் விளைவித்து, மற்ற நேரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊர். சித்திரை மாதக் கடைசியில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால் பள்ளத்தாக்கு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஆற்றில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு அக்கினிச் சட்டி எடுப்பவர்களும் ஆயிரங்கண் பானை சுமப்பவர்களும் ஒரு பக்கம்; ராட்டினமும் மரணக் கிணறும் வளையல் கடையும் மறு பக்கம். சாமி முதலில், ராட்டினம் பிறகு என்பது பெரியவர்கள் கணக்கு. எங்களுக்கு அது தலைகீழ்.

1987ஆம் வருஷத்துத் திருவிழா எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் தகப்பனார் அந்த வருஷம்தான் பெரிய ராட்டினத்துக்கு மனம் இரங்கினார். சின்ன ராட்டினம் குழந்தைகளுக்கு. பெரிய ராட்டினம் ஆண்பிள்ளைகளுக்கு. பெட்டிக்குள் அப்பா நடுவில், நாங்கள் இருபுறமும். காலிலிருந்து நழுவிக் கீழே நிற்பவர் தலையில் விழுந்துவிடும் என்று ராட்டினக்காரர் செருப்பைக் கழற்றச் சொன்னார். மூன்று ஜோடிச் செருப்பும் அம்மாவின் கைக்குப் போயிற்று.

ராட்டினம் ஆள் ஏற்றுவதற்காக எங்கள் பெட்டியை உச்சியில் நிறுத்தியது. அங்கிருந்து ஆறு தெரிந்தது, கோபுரம் தெரிந்தது, தேனிப் பக்கம் போகிற பஸ்களின் விளக்குகள் தெரிந்தன. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை, அம்மாவைத் தேடினேன். கூட்டத்துக்கு நடுவே, மூன்று ஜோடிச் செருப்பையும் மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தை அண்ணாந்து, கட்டைவிரல் பருமனுக்கு நின்றுகொண்டிருந்தார். "அம்மா ஏன் வரல்லே?" என்று தங்கை கேட்டாள். "உங்கம்மாளுக்கு உயரம்னா பயம்" என்றார் அப்பா.

அன்று முதல் அது எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் ஒரு செய்தியாக ஏறிவிட்டது. யாரும் சரிபார்க்கவில்லை.

அதைச் சரிபார்க்காதவர்களில் மிகப் பெரிய குற்றவாளி நான்தான். நான் எழுத்தாளனாகி, 2009இல் என் முதல் நாவல் வெளிவந்தபோது, அதில் ஒரு திருவிழா அத்தியாயம் எழுதினேன். ராட்டினத்துக்குக் கீழே செருப்போடு நிற்கும் ஒரு தாய் அதில் வருகிறாள். 'அவளுக்கு உயரம் பயம். தரையில் நின்று பிள்ளைகள் பறப்பதைப் பார்ப்பதே அவளுக்குப் போதும்' என்று எழுதினேன். எழுதிவிட்டு, நன்றாக வந்திருப்பதாக எனக்கு நானே தலையை ஆட்டிக்கொண்டேன். அந்த ஒரு வரிக்காக வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். கண்ணீர் விட்டதாக எழுதியவர்களும் உண்டு. ஆகவே, அந்த வரி உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிவிட்டேன். கடிதங்கள் வருவதற்கும் உண்மைக்கும் சம்பந்தமில்லை என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது கொல்கத்தாவில் உள்ள ஒரு கொட்டகை.

தங்கையின் கணவருக்கு அப்போது கொல்கத்தாவில் பாங்கு உத்தியோகம். 2012ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். தகப்பனார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. காளி கோயில் பார்த்தாயிற்று, கங்கையில் கால் நனைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, மருமகப் பிள்ளையாகிய ஏழு வயதுப் பையனின் பிடிவாதத்தால் சயன்ஸ் சிட்டிக்குப் புறப்பட்டோம்.

தேசிய அறிவியல் அருங்காட்சியகக் கவுன்சில் நடத்துகிற இடம் அது, 1997இல் திறந்தார்கள். பெயரில்தான் விஞ்ஞானம் இருக்கிறது. பனிக்கால ஞாயிற்றுக்கிழமையில் போய்ப் பார்த்தால் அது நம் வீரபாண்டித் திடலேதான். ரோப் கார் தலைக்கு மேலே போகிறது, பொம்மை ரயில் ஓடுகிறது, குழந்தைகள் அழுகின்றன, தகப்பன்மார்கள் சில்லறை எண்ணுகிறார்கள்.

ரோப் காருக்கு வரிசையில் நின்றபோது அம்மா வழக்கம்போல் ஒதுங்கிக்கொண்டு, என் பக்கம் கையை நீட்டினார்.

"செருப்பைக் குடுத்துட்டுப் போ."

"இதிலே கதவெல்லாம் இருக்கும்மா. செருப்பைக் கழற்ற வேண்டாம்."

நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியாதவர் போல அவர் ஒரு கணம் நின்றார். பிறகு தங்கையின் கைப்பையை வாங்கிக்கொண்டார். மேலே போனதும், இருபத்தைந்து வருஷங்களுக்கு முந்தைய பழக்கத்தில் நான் கீழே தேடினேன். ஒரு பெஞ்சின் அருகே, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அண்ணாந்த முகத்தோடு அதே கட்டைவிரல் பருமன் உருவம். எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. என் நாவலின் வரி உயிரோடு நிற்கிறதல்லவா?

அதற்கப்புறம் ஒரு பெரிய உருண்டைக் கட்டிடத்துக்கு வந்தோம். உள்ளே படம் காட்டுகிறார்கள் என்றான் பையன். "நீங்க பாத்துட்டு வாங்க" என்று அம்மா உடனே பெஞ்சைத் தேடினார். ஆனால் தங்கையின் கணவர் ஐந்து டிக்கெட்டோடு வந்து நின்றார்.

"வாங்கியாச்சு அத்தை. வராட்டா வீணாத்தான் போகும்."

சாமி சொன்னாலும் கேட்காத என் தாயார், 'வீணாகும்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் கட்டுப்படுகிறவர். பையை இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

அந்த அரங்குக்குள் நாங்கள் வரிசையில் நகர்ந்துகொண்டிருக்கிற நேரத்தில், பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்ட சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்குத் திடலில் எதற்காக ஒரு சினிமாக் கொட்டகை? ஊரில்தான் தெருவுக்குத் தெரு இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் சினிமா பிறந்து வளர்ந்ததே திடலில்தான். 1900ஆம் வருஷம் பாரிஸ் பொருட்காட்சியில் லூமியேர் சகோதரர்கள் 21 மீட்டர் அகலமும் 16 மீட்டர் உயரமும் உள்ள திரையைக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் படம் தெரியவேண்டும் என்பதற்காக அந்தத் துணியைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஆற்றில் முழுகிய ஈரத்தோடு வருகிற நம் ஊர்ப் பக்தர்களின் நினைவு எனக்கு வந்தது.

அமெரிக்காவில் தீயணைப்புப் படைத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹேல் என்பவர் இன்னும் ஒரு படி போனார். ஒரு கொட்டகையை ரயில் பெட்டியைப் போலச் செய்து, முன்னால் திரையை வைத்து, ஓடுகிற ரயிலின் முகப்பிலிருந்து எடுத்த படத்தைக் காட்டினார். பெட்டி ஆடும், சக்கரச் சத்தம் கேட்கும். 1904இல் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியிலும், அடுத்த வருஷம் கான்சாஸ் நகரத்துப் பூங்காவிலும் ஜனங்கள் காசு கொடுத்து, நகராத ரயிலில் பிரயாணம் செய்தார்கள். அதே 1905இல்தான், திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த நம் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக் கருவியை வாங்கிக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். ஆக, படக் கூடாரமும் ராட்டினமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நம் காலத்திலும் பாருங்கள்: 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான் 1995இல் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா பூங்காவை அமைத்தார். அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் எங்கள் ஊருக்கு அடுத்த பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா என்பதை, ஊர் அபிமானத்தால் சொல்லி வைக்கிறேன்.

மிகப் பெரிய திரைக்கு ஒரு சங்கடம் உண்டு. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அது நீர்த்துப்போகும். மோரில் தண்ணீர் கலப்பது போல. ஐமாக்ஸ் என்ற முறையைக் கண்டுபிடித்த கனடாக்காரர்கள் படச்சுருளையே பெரிதாக்கினார்கள். 70 மில்லிமீட்டர் சுருளை நெடுக்காக ஓட்டாமல் கிடையாக ஓட்டினார்கள். ஒவ்வொரு படமும் வழக்கமான 35 மில்லிமீட்டர்ப் படத்தைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. நிமிஷத்துக்கு 100 மீட்டருக்கு மேல் சுருள் ஓடிவிடும். நாற்பது நிமிஷப் படத்துக்கு நாலு கிலோமீட்டர். அதனால்தான் இந்தக் கொட்டகைகளில் வெகு காலம் குட்டைப் படங்களாகவே காட்டினார்கள். முதல் படத்தை 1970இல் ஜப்பானில் ஒஸாகா பொருட்காட்சியில் காட்டினார்கள். முதல் நிரந்தரக் கொட்டகை 1971இல் டொரான்டோ நகரத்து ஏரிக்கரைப் பூங்காவில் எழுந்தது. 1979இல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில், ரோலர் கோஸ்டர்களுக்கு நடுவிலேயே ஒன்றைக் கட்டினார்கள். கொல்கத்தாவில் இருந்தது ஐமாக்ஸ் அல்ல. ஆஸ்ட்ரோவிஷன் என்ற மற்றொரு 70 மில்லிமீட்டர் முறை. திரை தட்டையாக இல்லாமல், 23 மீட்டர் விட்டமுள்ள அரைக்கோளமாகத் தலைக்கு மேல் கவிந்திருக்கும். 360 பேர் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். பெயரும் முறையும் வேறானாலும் நோக்கம் ஒன்றுதான்.

நாங்கள் உட்கார்ந்தோம். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி பின்னால் சாய்ந்திருப்பதைப் பற்றிக் குறை சொன்னார். "இதென்ன, பல் புடுங்குற நாற்காலி மாதிரி?" என்றார். விளக்கு அணைந்தது.

மலையும் நதியும் கடலும் வருகிற படம். கதை இல்லை. விளக்கவுரை ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சொல்லும் அம்மாவுக்குத் தெரியாது. ஆகாய விமானத்திலிருந்து எடுத்திருந்தார்கள். முதலில் ஒரு பள்ளத்தாக்கின் மேல் மெதுவாகப் போனோம். இரண்டு பக்கமும் மலை, நடுவே ஆறு, கரையில் பச்சைக் கட்டங்கள். "நம்ம ஊராட்டம் இருக்கு" என்று இருட்டில் அம்மாவின் குரல் கேட்டது. அடுத்த கணம் மலை விளிம்பு வந்தது. விளிம்புக்கு அப்பால் ஒன்றும் இல்லை. அரங்கமே முன்னால் குப்புறக் கவிழ்ந்தது போல் இருந்தது. அரங்கம் கவிழவில்லை, ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் என் வயிற்றுக்குத் தெரியவில்லை.

இதற்கும் காரணம் படித்திருக்கிறேன். நாம் நகர்கிறோமா, நிற்கிறோமா என்பதைக் காதின் உட்புறத்தில் உள்ள ஓர் உறுப்பும் கண்ணும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சாதாரணக் கொட்டகையில் திரையின் ஓரமும் சுவரும் கண்ணில் படுவதால் 'இது படம்' என்று மூளை சமாதானமாகிறது. ஓரமே தெரியாதபடி திரை கடைக்கண் வரையில் சூழ்ந்துகொண்டால் காது சொல்லும் சாட்சி எடுபடுவதில்லை, கண் ஜெயித்துவிடுகிறது. வழக்குத் தீராத சிலருக்குத் தலை சுற்றும். அந்தச் சிலரில் நான் ஒருவன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். அகப்பட்டது அம்மாவின் கை.

கண்ணைத் திறந்தபோது, பக்கவாட்டில் பார்த்தேன். பை மடியில் இல்லை; தரையில் கிடந்தது. அம்மாவின் முதுகு நாற்காலியை விட்டு எழும்பியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தை நான் அறுபத்திரண்டு வயதுக் கிழவியின் முகம் என்று சொல்லமாட்டேன். அதில் பயம் என்பது மருந்துக்கும் இல்லை. இன்னும், இன்னும் என்று கேட்கிற முகம். ராட்டினத்தின் உச்சியில் என் தங்கைக்கு அந்த முகம் இருந்தது. அதே முகத்தை அம்மாவிடம் நான் பார்த்ததில்லை. பார்க்கிற இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். எனக்கு இன்னும் தலை நிற்கவில்லை.

"பயந்துட்டியாம்மா?" என்று கேட்டேன், கேட்க வேண்டியது அவர்தான் என்றாலும்.

"எனக்கென்ன பயம்? நீதான் கையைப் புடிச்சு நசுக்கிட்ட."

சிறிது நேரம் கழித்துக் கேட்டார்: "ராட்டினத்துல போனாலும் இப்படித்தான் இருக்குமா?"

"கிட்டத்தட்ட இப்படித்தான். உனக்குத்தான் உயரம்னா பயமாச்சே."

"யாரு சொன்னா?"

"அப்பா சொன்னாரே."

"அவரு சொல்லுவாரு. நான் எப்பச் சொன்னேன்? எல்லாரும் ஏறிட்டா செருப்பை யாரு பாத்துக்கிறது? அதுக்குத்தான் நின்னேன்."

இதை அவர் ஒரு புகாராகச் சொல்லவில்லை. அரிசி விலை சொல்லுகிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு, பேரனுக்குப் பசிக்குமே, எங்கேயாவது இட்லி கிடைக்குமா என்று எழுந்துவிட்டார். நான் மட்டும் அந்தப் படிக்கட்டில் இருந்தேன். ராட்டினத்தின் மேலேயிருந்து அம்மாவைத் தேடினவன் நான். கீழே வந்தபின் ஒரு நாளாவது, "நீ போ, செருப்பை நான் பிடிக்கிறேன்" என்று சொன்னவன் அல்ல. அதைச் சொல்லாததற்குத்தான் 'அவளுக்கு அதுவே போதும்' என்ற அழகான வாக்கியத்தை எழுதி மூடி வைத்திருந்தேன். அதைப் படித்துக் கண்ணீர் விட்டவர்களும், ஒருவேளை, தங்கள் வீட்டுச் செருப்புகளை நினைத்துக்கொண்டுதான் விட்டார்களோ என்னவோ.

பூங்காக்காரர்கள் இந்தப் பெரிய கொட்டகைகளைக் கட்டுவதற்கு வியாபாரக் காரணங்கள் உண்டு. ராட்டினத்தில் ஒரு தடவைக்கு முப்பது பேர் ஏறினால், அரங்கில் முந்நூறு பேரை உட்கார வைக்கலாம். வெயிலிலும் மழையிலும் கூட்டம் கலையாமல் இருக்க ஒரு கூரை வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. இருதய நோய்க்காரர் ஏறக்கூடாது, கர்ப்பிணி ஏறக்கூடாது, இடுப்பு வலிக்காரர் ஏறக்கூடாது, இத்தனை அடி உயரத்துக்குக் குறைந்த குழந்தை ஏறக்கூடாது என்று ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் பலகை தொங்குகிறது. அந்தப் பலகைகள் எல்லாவற்றாலும் தள்ளப்பட்டவர்களுக்கும், எந்தப் பலகையும் இல்லாமலே தாமாகத் தள்ளி நின்றவர்களுக்கும் உரிய ராட்டினம் இது. செருப்பைக் கழற்ற வேண்டாம். பையை மடியில் வைத்துக்கொள்ளலாம். யாரும் கீழே நிற்க வேண்டியதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் எழுதியும் ஒரு வாசகரையாவது நாற்காலியைப் பிடிக்க வைத்ததில்லையே என்ற பொறாமை எனக்கு அந்தத் திரையின் மேல் உண்டு. கதையில்லை, பாத்திரமில்லை, வெறும் மயக்கம் என்று அதைத் தள்ளிவிடவும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன். இப்போது ஆசைப்படுவதில்லை. வார்த்தைகளைக் கொண்டு அம்மாவைத் தரையில் நிறுத்தினவன் நான். வார்த்தையே இல்லாமல் அவரைத் தூக்கிப் போனது அது.

அடுத்த சித்திரையில் வீரபாண்டிக்குப் போனோம். ராட்டினத்தின் முன்னால் நின்று, ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "நீ ஏறும்மா. நான் செருப்போடு நிக்கிறேன்." அம்மா அந்தப் பெட்டியைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்தது, ஏறுவதற்குக் காலை உயரத் தூக்கி வைக்க வேண்டும். "இப்ப முழங்கால் மடங்காதுப்பா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதான் கல்கத்தாவுல போயாச்சே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

நாவலின் இரண்டாம் பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டேன். நல்ல வரியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டு ஒன்றிரண்டு கடிதங்கள் வந்தன. அவர்களுக்கு அப்போது பதில் எழுதவில்லை, இதுதான் பதில்.

கொல்கத்தா அரங்கில் இப்போது பழைய படச்சுருள் இல்லை. டிஜிட்டல் கருவிகள் வந்துவிட்டன. அம்மா உத்தமபாளையத்தில்தான் இருக்கிறார். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்கள் திண்ணைக்கு வந்தால், எப்படியாவது பேச்சைக் கொல்கத்தாவுக்குத் திருப்பிவிடுவார். படம் பார்த்தேன் என்று அவர் சொல்லுவதில்லை. "மலை மேல போனேன், அப்படியே கீழ எறங்குனேன்" என்பார்.

"பயமா இல்லையாக்கும்?" என்று யாராவது கேட்பார்கள்.

"எனக்கென்ன பயம்? எம் மகன்தான் பயந்துட்டான். அவன் கையை நான்தான் புடிச்சிக்கிட்டிருந்தேன்."

யார் கையை யார் பிடித்தார் என்பதில் ஒரு சிறிய திருத்தம் தேவைதான். நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்; திருத்துவதில்லை.